மேலே நின்றுவிட்டது

ஜூலை 6, ஞாயிறு

இன்று மத்தியானம் நான் ஒரு நிலநடுக்கம் உண்டாக்கினேன்.

துரைக்கண்ணு சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எங்களுக்கு ஒரே இரட்டை அடுக்குக் கட்டில். கீழே அவன், மேலே நான். மாற்றிப் படுத்தால் நான் சப்பாத்தி. கட்டில் காலைப் பிடித்து உலுக்கினேன், தகரப் பெட்டியை உதைத்தேன், "ஏலே, பூமி ஆடுதுலே, ஓடு!" என்று கத்தினேன். கைலி கட்டிலிலேயே தங்கிவிட்டது. ஆள் மட்டும் ஜன்னல் வழியாகப் பாய்ந்து, வார்டன் காயவைத்திருந்த நெத்திலிக் கருவாட்டின் மேல் விழுந்தான். விடுதி முழுக்கச் சிரித்தது. துரைக்கண்ணுவும் கடைசியில் சிரித்தான். முட்டியில் ரத்தம்.

வார்டன் எலியாசர் சார் சிரிக்கவில்லை. அவரை நாங்கள் வாட்டன் என்போம். வாட்டுவதால். இருவருக்கும் தீர்ப்பு உடனே வந்தது.

"துரைக்கண்ணு, நீ பயந்தாங்கொள்ளி. கீழ விடுதிக்குப் போ. சின்னப் பயலுவள மேய்ச்சிக்கிட்டுக் கெட. சீலன், ஒனக்குப் பொய் நிலநடுக்கம் காட்டத் தெரியுதுல்லா? இனிமே நெசமான நிலநடுக்கத்துக்கு நீதாம்லே மணி."

என்றாவது இந்த டைரியைத் திருடிப் படிக்கப்போகிறவனே, உனக்காகச் சொல்கிறேன். இது அந்தமானில் சங்குக்குடா. கப்பல் வராவிட்டால் வெங்காயமில்லாத தீவு. பூமி இங்கே அடிக்கடி ஆடும். எங்களுக்கு அது தும்மல் மாதிரி. பெரிய பையன்களின் மேல் விடுதி பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான கீழ் விடுதி, குன்றுக்கு அடியில், குடாவை ஒட்டிய பள்ளத்தில். ஒருகாலத்தில் அது அலையாத்திச் சதுப்பு. லாரி லாரியாக மண்ணைக் கொட்டி நிரப்பி, அதன் மேல் இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் மண். கிண்ணத்தில் கஞ்சி.

சட்டம் இதுதான். ஆடினால் எல்லோரும் வெளியே. நின்றதும் உச்சியிலிருக்கும் பழைய கப்பல் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசியாக நுழைகிறவனுக்கு ராச்சாப்பாடு கிடையாது. முன்பெல்லாம் நிலநடுக்கத்தைச் சாக்கு வைத்துப் பையன்கள் இருட்டும்வரை வெளியே விளையாடினார்களாம், அதற்காக வாட்டன் கண்டுபிடித்த மருந்து. ஒத்திகையைப் பார்க்க வந்த கல்வி அதிகாரி கைதட்டிவிட்டுப் போனார்.

ஆக, இன்றுமுதல் நான் மணியக்காரன். விடுதியில் 'டு' விழுந்தால் விதி.

ஜூலை 8, செவ்வாய்

மேல் கட்டிலில் படுத்தால் கீழே குறட்டை இல்லை. நிம்மதி. தூக்கம்தான் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

முதல் உத்தியோக நாள். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குலுக்கு, இன்னொரு குலுக்கு, முடிந்தது. வாளியில் நுரைகூடக் கலையவில்லை. ஓடிப்போய் மணியை அடித்தேன். மேலே எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

கீழே பார்த்தால், பொடியன்கள் அத்தனை பேரும் மைதானத்திலேயே நிற்கிறார்கள். துரைக்கண்ணு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோழி மாதிரி அவர்களை மறித்து நிற்கிறான். வாட்டன் பிரம்போடு இறங்கினார். நான் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

"மணி கேக்கலையாலே?"

"கேட்டுச்சு சார். ஆனா இன்னும் ஆடிக்கிட்டு இருந்துச்சு சார்."

"மேல எப்பமோ நின்னுட்டு."

"இங்க நிக்கல சார். தொட்டித் தண்ணி பாதி வெளிய கொட்டிருச்சு, பாருங்க சார்."

"ஒரே ஊரு, ஒரே பூமி. மேல நின்னா கீழ நிக்காதா? ஒனக்குக் கால் நடுங்குனா அதுக்குப் பேரு நிலநடுக்கமா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சார், அவன் பேரு துரைக்கண்ணு இல்ல, ஆட்டக்கண்ணு" என்றேன். வாட்டனே சிரித்துவிட்டார். பேர் ஒட்டிக்கொண்டது. நல்ல பேர், பசையே தேவையில்லை.

சரளைக் கல்லில் முட்டி போடவைத்தார். கீழ் விடுதி முழுவதற்கும் ராச்சாப்பாடு ரத்து.

ஜூலை 14, திங்கள்

ஆறாம் வகுப்பில் கோமதிநாயகம் என்று ஒரு பொடியன். பேர் கப்பல் நீளம், ஆள் தோணி அளவு. என் ஜோக்குகளுக்கு அர்த்தம் புரிவதற்கு முன்பே சிரித்துவிடுவான். ஒத்திகைகளில் எப்போதும் இவன்தான் கடைசி. கால் குட்டை. மற்றவர்கள் முழங்கையால் இடித்துத் தள்ளிவிடுவார்கள். இன்று வாழைப்பழம் கொடுத்துவிட்டு யோசனையும் சொன்னேன்.

"வெளிய வரும்போது தூர ஓடாத. வாசப்படிகிட்டயே நில்லு. மணி கேட்டதும் மொத ஆளா உள்ள பாஞ்சிரு."

"மொத ஆளா போனா ரெண்டு முட்ட குடுப்பாங்களா அண்ணே?"

"முட்ட மார்க்குதான் குடுப்பாங்க. ஓடுலே."

ஜூலை 20, ஞாயிறு

சமையல்கட்டில் மைதீன் பாய் கடல்பாசி காய்ச்சினார். ரோஸ் நிறத்தில், ஜெல்லி மாதிரி, ஒரு கிண்ணம் நிறைய. துரைக்கண்ணுவும் பொடியன்களுக்குப் பங்கு வாங்க மேலே வந்திருந்தான். விட முடியுமா? எவர்சில்வர் தட்டில் கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் கல் மாதிரி ஒரு ரஸ்க்கை, எங்கள் பாஷையில் வறுக்கியை, வைத்து, மேஜையை ஓங்கித் தட்டினேன்.

"பாருங்கடே, இந்த வறுக்கி நான். இந்தக் கடல்பாசி ஆட்டக்கண்ணு. மேஜை நின்னுட்டு, வறுக்கி நின்னுட்டு. இவன் தொப்பை மட்டும் இன்னும் ஆடுது பாருங்க!"

எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குனிந்து கிண்ணத்தையே பார்த்தான்.

"இன்னொருக்கா தட்டுடா."

தட்டினேன். வறுக்கி ஒரு துள்ளு துள்ளி நின்றது. கடல்பாசி கரைக்குக் கரை முட்டித் திரும்பி, திரும்பி முட்டி, தளதளவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

"அதேதான்டா! உள்ள போன ஆட்டம் வெளிய போக வழியில்லாம கிண்ணத்துக்குள்ளயே சுத்துது. நீங்க வறுக்கி மேல இருக்கீங்க. நாங்க கடல்பாசி மேல இருக்கோம். உங்களுக்கு நின்னாலும் எங்களுக்கு நிக்காது. நான் பொய் சொல்லல பாத்தியா?"

பாய் கரண்டியை ஓங்கினார். "தின்கிற பொருள அடிக்காதீங்கடா." நான் வறுக்கியைத் தின்றுவிட்டேன்.

வெளியே வந்ததும் துரைக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டான். "சீலா, சார்ட்ட நீ சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. சின்னப் பயலுகடா. ஆடுற கட்டடத்துக்குள்ள போட்டி போட்டுக்கிட்டு ஓடுறானுக. என்னைக்காவது பெருசா வந்துச்சுன்னா?"

"சொல்றேன்."

"அதுவரைக்கும் ஒண்ணு செய். அடிக்கிறதுக்கு முன்னாடி கீழ பாரு. எங்களுக்கு ஆடுற வரைக்கும் நான் என் செவப்புத் துண்ட வீசிக்கிட்டே இருப்பேன். துண்ட எறக்குன பிறகு அடி. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அவன் உள்ளங்கை கடல்பாசியைவிடப் பிசுபிசுப்பு.

ஜூலை 21, திங்கள்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து, "சார், துரைக்கண்ணு கடல்பாசி மேல குடியிருக்கானாம். வாடகை எவ்வளவுன்னு கேக்கச் சொன்னான்" என்றேன். வாட்டனுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு இரண்டாவது தடவை அப்பளம் கிடைத்தது.

துரைக்கண்ணு கேட்டால், சொன்னேன் என்று சொல்லலாம். பொய் ஆகாது.

ஆகஸ்டு 3, ஞாயிறு

மழை. மத்தியானம் சின்னதாக ஓர் ஆட்டம். மேலே உடனே நின்றுவிட்டது. கீழே பார்த்தேன். துரைக்கண்ணு நனைந்துகொண்டே துண்டை வீசிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் வீசினான். அப்புறம் இறக்கினான். ஏற்பாடு வேலை செய்கிறது! அவன் சொன்னது சரிதான்.

மணி நாக்கின் கயிற்றைப் பிடித்தேன். அப்போதுதான் தோன்றியது. இப்போது அடிக்காவிட்டால் என்ன ஆகும்?

மாமரத்தடியில் உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரித்தேன். கீழே பொடியன்கள் தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்றார்கள். துரைக்கண்ணு துண்டை ஆட்டினான், இறக்கினான், மறுபடி ஆட்டினான், இறக்கினான். கடைசியில் முஷ்டியை ஆட்டினான். கொடியேற்றம் மாதிரி இருந்தது. பொட்டலம் காலியான பிறகுதான் அடித்தேன்.

அதற்குள் வாட்டன் பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

ஆகஸ்டு 4, திங்கள்

குப்புறப் படுத்து எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. "இனிமே ஆட்டம் நின்ன அடுத்த நொடி மணி கேக்கணும். இல்ல, ஒன்னைய கப்பலேத்தி ஒங்கப்பன்ட்ட அனுப்பிருவேன்" என்றார் வாட்டன். அப்பாவிடம் போவதைவிடக் கடலில் குதிக்கலாம்.

நாலு பொடியன்களுக்குக் காய்ச்சல். கோமதிக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டதாம். மன்னிப்புக் கேட்கத்தான் கீழே போனேன். ஆனால் வாயைத் திறந்ததும் "என்னடே, மழைல நனைஞ்ச கோழியெல்லாம் தேறிட்டா?" என்று வந்துவிட்டது.

துரைக்கண்ணு கத்தவில்லை. "நீ எல்லாத்தையும் வெளையாட்டாவே நினைச்சுக்கிட்டு இரு. உனக்கும் ஒரு நாள் இருக்குடா" என்றான், அவ்வளவுதான்.

அதைத்தான் அப்போதிருந்து யோசிக்கிறேன். என்ன செய்வான்? நானாக இருந்தால் என்ன செய்வேன்? ஆட்டம் நின்ற பிறகும் துண்டை வீசிக்கொண்டே இருப்பேன். மேலே இருக்கும் முட்டாள் மணியடிக்காமல் காத்திருப்பான். வாட்டன் வந்து தோலை உரிப்பார். அதுதான் சரியான பழிவாங்கல். அவனுக்கும் தோன்றாமலா இருக்கும்?

ஆகஸ்டு 11, திங்கள்

ஒன்றும் இல்லை. கணக்கில் பெயில்.

ஆகஸ்டு 19, செவ்வாய், காலை

வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது, குடாவில் நிற்கும் கப்பலின் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது. கீழ் விடுதிக் கொடியில் காயும் சட்டைகளைக்கூட எண்ணலாம். இன்று கீழே இரண்டு முட்டையாம். மேலே உப்புமா. உப்பு மட்டும், மா இல்லை.

அதே நாள், சாயங்காலம்

பெரிதாக ஆடியது. நின்றது. மணி அடித்தேன்.

கீழ் விடுதியின் முகப்பு விழுந்துவிட்டது.

ஆகஸ்டு 21, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

ஆட்டம் ஆரம்பித்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். மேலேயும் வந்தார்கள், கீழேயும் வந்தார்கள். பாறை இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. மாமரத்திலிருந்து காய் உதிர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. வாட்டன் என் பக்கத்திலேயே நின்றார்.

"நின்னுட்டுல்லா? அடிலே."

அடித்தேன். கீழே துண்டு எதுவும் தெரியவில்லை. காலைப் பனிமூட்டம்.

பொடியன்கள் உள்ளே ஓடினார்கள். தரை காலடியில் ஆட ஆடத்தான் ஓடினார்களாம், தள்ளாடித் தள்ளாடி. போன மாதம் பட்டினி கிடந்தவர்கள், யாரும் கடைசி ஆளாக விரும்பவில்லை. துரைக்கண்ணு "போகாதீங்கடா, போகாதீங்கடா" என்று கத்தியிருக்கிறான். மணிச் சத்தத்தில் எவன் காதில் விழும்? உள்ளே போனவர்களைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது முகப்புத் தூண் மடங்கியிருக்கிறது. மேல் தளம் அப்படியே இறங்கிவிட்டது. அவன் இரண்டு காலும் அதற்கடியில்.

மூன்று பேர் இறந்துபோனார்கள். கோமதி வாசற்படியிலேயே நின்றிருந்தானாம். மணி கேட்டதும் அவன்தான் முதல் ஆள்.

அவனுக்கு அப்படி ஓடச் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஓர் எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். தெரியாது என்றேன்.

ஆகஸ்டு 22, வெள்ளி

சின்னச் சின்ன ஆட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யாரும் மணியடிக்கச் சொல்லவில்லை. எல்லோரும் தார்ப்பாய்க் கூடாரத்தில். மைதீன் பாய் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுகிறார். அண்டாவைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். நாங்கள் பேசி வைத்தது துரைக்கண்ணுவின் சிவப்புத் துண்டு. அன்றைக்கு அவன் வீசியது நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு, ஓரத்தில் கிழிசல். பேசி வைத்தது ஒன்று, வீசியது ஒன்று என்றால் அது எப்படிக் கணக்காகும்? ஒரு கையால் வீசவும் இல்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து, நடிக்கிறவன் மாதிரி.

அப்படி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆகஸ்டு 25, திங்கள்

போர்ட் பிளேரிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரியும் ஓர் இன்ஜினியரும் வந்தார்கள். வாட்டன் பிரம்பு இல்லாமல் நின்றார். பிரம்பு இல்லாவிட்டால் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நின்ன பெறகுதான் அடிக்கச் சொன்னேன் சார். மேல இருந்த எல்லாப் பயலுவளையும் கேளுங்க."

எல்லோரையும் கேட்டார்கள். எல்லோரும் நின்றுவிட்டது என்றார்கள். உண்மைதானே.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் தோளில் கை வைத்தார். "பயப்படாதே தம்பி. மணி அடிச்சப்போ ஆட்டம் நின்னுடுச்சா?"

"நின்னுட்டு சார்."

"கீழேருந்து யாராவது ஏதாவது சைகை காட்டினாங்களா?"

"பனிமூட்டம் சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். வாட்டன் என்னைப் பார்த்தார். அவர் அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றிருந்தார், அவருக்கும் இரண்டு கண் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஜினியர் மண்ணைக் காலால் கிளறியபடி அதிகாரியிடம் சொன்னார். "பாறை மேல சீக்கிரம் அடங்கிரும் சார். இது நிரப்பின மண்ணு, அடியில பூரா சேறு. இதுக்குள்ள புகுந்த அலை ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். மேல நின்னுடுச்சுன்னு இங்க மணி அடிக்கவே கூடாது. பாவம், இந்தப் பிள்ளைங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்" என்றேன்.

எனக்கு இதை எந்த வாத்தியாரும் நடத்தவில்லை. கடல்பாசி தின்கிற சாமான். பாய்கூட அப்படித்தான் சொன்னார்.

ஆகஸ்டு 28, வியாழன்

துரைக்கண்ணுவைச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். ஒரு காலை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றை அங்கே பார்த்துத்தான் சொல்வார்களாம். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகச் சொன்னார் வாட்டன். "ஒன் கூட்டாளிதானலே. போ."

ஸ்ட்ரெச்சரைப் படகுத்துறை நிழலில் இறக்கி வைத்திருந்தார்கள். துரைக்கண்ணு இளைத்துப்போயிருந்தான். வழியில் இரண்டு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டும் கால் சம்பந்தப்பட்டவையாக இருந்தன. சொல்லவில்லை.

கோமதியின் அப்பாவும் அதே கப்பலுக்குக் காத்திருந்தார். மீன்பிடிக்கிறவர், வேறு தீவு. மகனுடைய தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"சீலா, ஒண்ணு கேக்கணும்" என்றான் துரைக்கண்ணு.

"கேளு."

"சார்ட்ட சொன்னியா, அந்தக் கடல்பாசி விஷயம்?"

"அடுத்த நாளே சொல்லிட்டேன். அவருதான் சிரிச்சாரு."

அவன் தலையாட்டினான். "எனக்குத் தெரியும் நீ சொல்லியிருப்பேன்னு. மழைல நிக்க வச்ச கோவத்துல ஒரு நாள் இருக்குன்னு சொன்னேன்ல, அத மனசுல வச்சுக்காதடா. சும்மா சொன்னேன். எனக்கு என்ன பண்ணத் தெரியும்?"

கப்பல் ஒருமுறை ஊதியது. கோமதியின் அப்பா எழுந்து, பெட்டியைத் தலைக்கு ஏற்றப் போனவர், அப்படியே நின்றார்.

"அன்னைக்கி," துரைக்கண்ணு சொன்னான், "நான் வீசிக்கிட்டேதான் இருந்தேன். மணி அடிக்கிறப்பவும் வீசிக்கிட்டேதான் இருந்தேன். உனக்குத் தெரிஞ்சுதாடா?"

"தெரியல."

"கொஞ்சங்கூடவா?"

"பனிடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது முகம் லேசாகிவிட்டது. என்மேல் இருந்த ஏதோ ஒன்றை எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டவன்போல. "அப்ப சரி. அப்ப தப்பு என்னுதுதான். தரையில நின்னு வீசினா மேல எப்படித் தெரியும்? நான் மைதானத்துச் செவத்து மேல ஏறி நின்னு வீசியிருக்கணும். ஏறியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? நீ அடிச்சிருக்க மாட்ட."

இல்லடா என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. கோமதியின் அப்பா பெட்டியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன். "ஏறியிருக்கணும்."

அவர் திரும்பித் துரைக்கண்ணுவைப் பார்த்தார். அதுவரை அவனை யாரும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

ஏற்றுவதற்கு ஓர் ஆள் குறைந்தது. ஸ்ட்ரெச்சரின் கால்பக்க முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். பலகை ஒடுக்கம், கீழே தண்ணீர். "தம்பி, ஆடாமப் புடி" என்றார் முன்னால் பிடித்தவர்.

ஆடாமல் பிடித்தேன்.